ஒரு அரைப்புள்ளியும் இருபத்து மூன்று தப்பும்

போன மாதம் ஒரு சனிக்கிழமை. தலையில் எண்ணெயும் இடுப்பில் துண்டுமாக உட்கார்ந்திருந்த நேரம் பார்த்து விழுப்புரத்திலிருந்து அக்கா போன் செய்தாள். எடுத்த எடுப்பிலேயே அழுகை. எனக்குப் பகீரென்றது. மச்சானுக்கு ஏதாவதா, மாடிப்படியில் வழுக்கி விழுந்தாளா என்று நாலு வினாடியில் நாற்பது கற்பனை.

"பையன் காலேஜை விட்டுடப் போறானாம்டா..."

பையன் என்பது அவளுடைய ஏக புத்திரன். எஞ்சினீயரிங் முதல் வருஷம், கம்ப்யூட்டர் சயன்ஸ். சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறது. சேர்ப்பதற்கு மச்சான் வங்கியில் கடன் வாங்கியிருக்கிறார். மாதத் தவணை எவ்வளவு வரும் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தவன் அடியேன்தான். ஆகவே அந்த அழுகையின் கனம் எனக்குப் பைசா சுத்தமாகத் தெரியும்.

"ஏனாம்?"

"லேப்ல புரோகிராம் எழுதினானாம். இருபத்து மூணு தப்புன்னு வந்துச்சாம். பக்கத்துல இருக்கறவனுக்கெல்லாம் உடனே ஓடிடுச்சாம். 'எனக்கு இது மண்டையில ஏறாதும்மா, வேற ஏதாவது படிச்சுக்கறேன்'கறான். நீதான் ராத்திரி பூரா இந்த மாதிரி எதையாவது நோண்டிக்கிட்டு இருப்பியே... கொஞ்சம் பேசேன்டா!"

நான் படித்தது பி.காம். அதுவும் இரண்டாம் வகுப்பு. ஆனால் அக்கா சொன்ன நோண்டல் நிஜம். பக்கத்து வீட்டுக்காரர்கள் கிரிக்கெட் பார்க்கும் நேரத்தில் நான் நாற்பது வருஷத்துக்கு முந்தைய வீடியோ கேம் மெஷினுக்குப் புதிதாக ஆட்டம் எழுதிக் கொண்டிருப்பேன். இங்கிலீஷில் இதற்கு 'ஹோம்ப்ரூ' என்று பெயர். அதாவது வீட்டிலேயே காய்ச்சுவது. போலீஸ் பயம் இல்லாத காய்ச்சல்!

"அவனைக் கிளம்பி இங்கே வரச்சொல்லு" என்றேன்.

பையன் வருவதற்குள் அந்த மெஷினைப் பற்றி நாலு வார்த்தை சொல்லிவிடுகிறேன். 1998-ல் அப்பா பர்மா பஜாரில் ஒரு மணி நேரம் பேரம் பேசி வாங்கி வந்த 'டிவி கேம்' பெட்டி அது. உங்களில் பலர் வீட்டிலும் இருந்திருக்கும். கேட்ரிஜ் மேலே '99999 இன் 1' என்று ஒட்டியிருக்கும். போட்டுப் பார்த்தால் உள்ளே இருப்பது அஞ்சு ஆட்டம். மீதி 99994-ம் அதே அஞ்சு, வேறு வேறு பெயரில்.

அந்தப் பெட்டி ஒரு நகல். அசல், ஜப்பானில் 1983 ஜூலையில் நின்டெண்டோ வெளியிட்ட 'ஃபேமிகாம்'. வடிவமைத்தவர் மசாயுகி உவேமுரா. 1985-ல் அமெரிக்காவில் என்.இ.எஸ். என்று பெயர் மாற்றி விற்றார்கள். மொத்தம் 6 கோடிக்கு மேல் விற்றது. அதன் மூளை, 1975-ல் 25 டாலருக்கு விற்கப்பட்ட 6502 என்ற சிப்பின் வம்சம். மெமரி எவ்வளவு தெரியுமா? 2 கிலோபைட். எண்ணி 2048 பைட். 1985-ல் வந்த சூப்பர் மரியோ ஆட்டம் படம், பாட்டு, எதிரி, காளான் எல்லாம் சேர்த்து 40 கிலோபைட்தான். பெரியப்பா தினமும் காலையில் அனுப்பும் ரோஜாப்பூ குட்மார்னிங் படம் அதைவிடப் பெரிசாக இருக்கும்!

இடம் பற்றாமல் அவர்கள் செய்த சாமர்த்தியம் ஒன்று உண்டு. மரியோவில் மேலே மிதக்கும் மேகமும் கீழே இருக்கும் புதரும் ஒரே படம். வெள்ளை அடித்தால் மேகம், பச்சை அடித்தால் புதர். அண்ணன் சட்டையைத் தம்பிக்குப் போட்டு வளர்த்த நம் அம்மாக்கள் ரகம்.

இதற்கு இன்றைக்கும் உலகம் முழுக்கப் புது ஆட்டம் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். 2019-ல் வந்த 'மைக்ரோ மேஜஸ்' என்ற ஆட்டத்தை அதே 40 கிலோபைட்டுக்குள் நாலு பேர் சேர்ந்து ஆடலாம். நான் எழுதுவது அவ்வளவு பெரிய சமாச்சாரம் இல்லை. பாட்டி வடை சுடுவாள், காக்கா தூக்க வேண்டும், நரி ஏமாற்றும். மூன்று காட்சி. அவ்வளவுதான்.

சாயந்திரம் பையன் வந்து சேர்ந்தான். முகத்தில் மூன்று நாள் தாடி, மூன்று மாத சோகம்.

"வா மாப்ளே! தப்பு இருபத்து மூணாமே?"

செல்போனில் எடுத்து வைத்திருந்த படத்தைக் காட்டினான். திரை பூராவும் எரர். சிகப்பு சிகப்பாகப் பார்க்கவே பாவமாக இருந்தது.

"முதல் எரர் எந்த வரி?"

"ஒன்பது, மாமா. ஆனா ஒன்பதாவது வரி சரியாத்தான் இருக்கு. பத்து தடவை பார்த்துட்டேன்."

"எட்டாவது வரியைப் பாரு."

பார்த்தான். கடைசியில் அரைப்புள்ளி இல்லை. கம்ப்யூட்டர் பாஷையில் செமிகோலன்.

விஷயம் இதுதான். எட்டாவது வரி முடிந்துவிட்டது என்று நமக்குத் தெரியும், கம்பைலருக்குத் தெரியாது. அரைப்புள்ளி வரும் வரும் என்று தேடிக்கொண்டே ஒன்பதாவது வரிக்குள் நுழைகிறது. அங்கே சம்பந்தமில்லாத வார்த்தையைப் பார்த்து மிரண்டு கத்துகிறது. ஆகவே சத்தம் ஒன்பதில், குற்றவாளி எட்டில். எரர் சொல்லும் வரி சுத்தமாக இருந்தால் அதற்கு மேல்வரியைப் பாருங்கள்.

அது போகட்டும், மீதி இருபத்து இரண்டு? ஒன்பதாவது வரியில் ஆறு வேரியபிள்களுக்குப் பெயர் வைத்திருந்தான். மிரண்ட கம்பைலர் அந்த வரியையே தள்ளிவிட்டுப் போய்விட்டது. ஆறு பேருக்கும் பிறப்புச் சான்றிதழ் இல்லை. கீழே ஒவ்வொரு ஃபங்க்ஷனிலும் அவர்கள் தலையைக் காட்டும்போதெல்லாம் "யாருய்யா இது?" என்று ஒரு எரர்.

"அப்ப நான் பண்ணினது..."

"ஒரே ஒரு தப்பு. மீதி அதோட எதிரொலி."

பையன் முகத்தில் லேசாக வெளிச்சம். உடனே அணைந்துவிட்டது. "இதுகூடத் தெரியலையே மாமா எனக்கு..."

இது வாயால் பேசித் தீர்க்கிற கேஸ் இல்லை என்று தெரிந்துவிட்டது. "என் காக்கா ஆட்டத்துல நிறையத் தப்பு தொங்குது. நாளைக்கு முழுக்க எனக்கு அசிஸ்டென்ட்டா இரு. பிறகு காலேஜை விடறதைப் பத்திப் பேசலாம்" என்றேன்.

ஞாயிறு காலை, இட்லி முடிந்த கையோடு உட்கார்ந்தோம். நான் உபயோகிப்பது 'சி.சி.65' என்ற இலவசக் கருவி. அதற்குள் மூன்று குமாஸ்தாக்கள். முதல் ஆள் கம்பைலர்: சி மொழியில் எழுதியதை 6502-ன் அசெம்பிளி மொழிக்கு மாற்றுவார். இரண்டாவது அசெம்பிளர்: அதை எண்களாக்குவார். மூன்றாவது லிங்க்கர்: பல ஃபைல்களில் இருப்பதைத் திரட்டி, எது எந்த விலாசத்தில் குடியிருக்க வேண்டும் என்று ஒதுக்குவார். எரர் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது, திட்டுவது இந்த மூவரில் யார் என்பதை. ஆள் தெரிந்தால் பாதி வியாதி தெரிந்த மாதிரி.

முதலில் பையனையே ஒரு லூப் எழுதச் சொன்னேன். காலேஜில் சொல்லிக் கொடுத்தபடி 'ஃபார்' அடைப்புக்குறிக்குள்ளேயே வேரியபிளை அறிவித்தான். கம்பைலர் 'ணங்' என்று குட்டியது.

"காலேஜ்ல இது ஓடுமே மாமா!"

ஓடும். ஆனால் என்னிடம் இருக்கும் கம்பைலர் 1989-ம் வருஷத்து சி சட்டப்படி நடக்கிற கிழவர். வேரியபிள்களை எல்லாம் அடைப்பு ஆரம்பிக்கும்போதே மேலே வரிசையாகச் சொல்லிவிட வேண்டும். கல்யாணப் பத்திரிகையில் 'தங்கள் நல்வரவை விரும்பும்' ஆட்களை முதலிலேயே போட்டுவிடுவது மாதிரி. பந்தி நடக்கும்போது வந்து "என் பேரையும் சேர்த்துக்குங்க" என்றால் நடக்காது. இது தப்பு இல்லை, வீட்டுக்கு வீடு மாறும் பழக்கம். பையன் அறிவிப்பை மேலே தூக்கி வைத்தான். ஓடியது.

அடுத்து அசெம்பிளர். காக்காவின் பறத்தலை வேகத்துக்காக அசெம்பிளியில் எழுதியிருந்தேன். வெள்ளிக்கிழமை வரை ஒழுங்காகப் பறந்த காக்கா, நடுவில் பாட்டியின் விளக்குமாற்றுக்காக நாலு வரி சேர்த்ததும் 'ரேஞ்ச் எரர்' என்று மடங்கி விழுந்துவிட்டது. தொடாத வரியில் எரர்! பேய் பிடித்ததோ என்று நினைக்காதீர்கள். 6502-ல் 'இப்படி இருந்தால் அங்கே தாவு' என்கிற கட்டளை பின்பக்கம் 128 பைட், முன்பக்கம் 127 பைட்தான் தாவும். நாலு வரி நடுவில் நுழைந்ததில் தூரம் 131 ஆகிவிட்டது.

"அதாவது ஷேர் ஆட்டோ, மாப்ளே. கிண்டி வரைக்கும்தான். அதுக்கு மேலே போகணும்னா பஸ்." பஸ் என்பது 'ஜம்ப்' கட்டளை. 3 பைட் பிடிக்கும், எங்கே வேண்டுமானாலும் போகும். ஆனால் அதற்கு 'இருந்தால், இல்லாவிட்டால்' எல்லாம் தெரியாது. ஆகவே கேள்வியைத் திருப்பிப் போட வேண்டும். 'மோதினால் அங்கே போ' என்பதற்குப் பதில், 'மோதாவிட்டால் அடுத்த வரியைத் தாண்டு'. அந்த அடுத்த வரியில் ஜம்ப். பையனே எழுதினான். காக்கா எழுந்து பறந்தது.

அதற்குள் லிங்க்கர் தன் பங்குக்கு ஆரம்பித்தார். "அன்ரிசால்வ்டு எக்ஸ்டர்னல்." 'நரி' என்று ஒருத்தரைக் கூப்பிடுகிறீர்கள், அப்படி யாரும் இங்கே இல்லையே என்று அர்த்தம்.

"இருக்கே மாமா! அசெம்பிளி ஃபைல்ல நரி இருக்கே!"

இருக்கிறது. ஆனால் சி மொழியில் எழுதிய பெயருக்கு முன்னால் இந்தக் கம்பைலர் ஒரு அடிக்கோட்டை ஒட்டிவிடும். சி பக்கம் தேடுவது 'அடிக்கோடு நரி'. அசெம்பிளி பக்கம் இருப்பது வெறும் 'நரி'. ரேஷன் கார்டில் ஒரு இனிஷியல், பாஸ்புக்கில் வேறு இனிஷியல் வைத்துக்கொண்டு அல்லாடியவர்களுக்கு இது புரியும். ஆள் ஒன்றுதான், தாசில்தார் ஒத்துக்கொள்ள மாட்டார். அசெம்பிளி ஃபைலில் அடிக்கோடு போட்டு, 'இவரை வெளியிலிருந்து கூப்பிடலாம்' என்று எக்ஸ்போர்ட் வரியும் சேர்த்ததும் தீர்ந்தது.

மத்தியானச் சாப்பாடு. சாம்பார், உருளைக்கிழங்கு வறுவல். பையன் மூன்று மாதத்தில் முதல் தடவையாக இரண்டாம் முறை சாதம் கேட்டதாகப் பிற்பாடு அக்காவுக்குத் தகவல் அனுப்பப்பட்டது.

சாப்பிட்டு வந்தால் பெரிய தலைவலி காத்திருந்தது. மூன்று காட்சிகளின் படத்தையும் ஆட்டத்தில் சேர்த்தேன். லிங்க்கர் சொன்னார்: "டேட்டா பகுதி, ராம் மெமரியைத் தாண்டி 2048 பைட் வழிகிறது."

"முடிஞ்சுது. இதை நம்மளால சரி பண்ண முடியாது" என்றான் பையன்.

இங்கேதான் என் பி.காம். எழுந்து நின்றது! நான் முதலில் வேலை பார்த்த ஆடிட்டர் ஆபீஸில் ஒரு சீனியர் குமாஸ்தா இருந்தார். டிரையல் பேலன்ஸ் டேலி ஆகாவிட்டால் நாங்கள் லெட்ஜரை முதல் பக்கத்திலிருந்து புரட்டுவோம். அவர் புரட்ட மாட்டார். வித்தியாசத் தொகையை மட்டும் உற்றுப் பார்ப்பார். "630 ரூபாயா? ஒன்பதால வகுபடுதே. எங்கேயோ இலக்கத்தை மாத்திப் போட்டிருக்கீங்க. 18-ஐ 81-னு எழுதற மாதிரி" என்பார். தேடினால் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். தப்புத் தொகையே தப்பு இருக்கும் இடத்தைச் சொல்லும் என்று அவரிடம் கற்றேன்.

"2048-ஐப் பாரு மாப்ளே. கணக்குப் போடு."

பேப்பர் எடுத்தோம். மெஷினின் மொத்த மெமரி 2048. அதில் ஜீரோ பேஜ் 256, ஸ்டாக் 256, ஆடும் உருவங்களுக்கு 256, சி மொழிக்கென்று தனி ஸ்டாக் 256. ஆக 1024 செலவு, கையிருப்பு 1024. சின்ன வேரியபிள்கள் எல்லாம் ஜீரோ பேஜிலேயே இருந்தன. இப்போது படத்துக்கு வருவோம். திரை என்பது குறுக்கே 32, நெடுக்கே 30 கட்டம். 960 பைட். வர்ண விவரம் 64 பைட். ஒரு காட்சிக்கு 1024. மூன்று காட்சிக்கு 3072. கையிருப்பு 1024 போகப் பற்றாக்குறை...

"2048!" என்று கத்தினான் பையன். "மாமா, அப்படியே டேலி ஆகுது!"

ஒரு பைட் கூடக் குறைய இல்லை. இன்னும் ஒரு முழு மெஷின் வாங்கி ஒட்டினால்தான் தீரும் என்கிற அளவு பற்றாக்குறை. ஆனால் வழி தெரிந்துவிட்டது. காட்சிப் படம் ஆட்டத்தின் நடுவில் மாறப் போவதில்லை. மாறாத சரக்குக்கு எதற்கு ராம்? கேட்ரிஜில், அதாவது ராமில் அல்லாமல் ரோமில், 32 கிலோபைட் இடம் கிடக்கிறது. நான் செய்த தப்பு, அந்தப் பட்டியல்களுக்கு முன்னால் 'கான்ஸ்ட்' என்ற ஒரு வார்த்தை போடாதது. அது இல்லாவிட்டால், 'ஐயா இதை மாற்றுவார் போலிருக்கிறது' என்று லிங்க்கர் மரியாதையாக ராமில் இடம் ஒதுக்கிவிடுவார். நிலத்தை பாக்ஸ் ஃபைலில் வைக்கப் பார்த்த கதை! மூன்று இடத்தில் 'கான்ஸ்ட்' சேர்த்தோம். வழிந்தது அத்தனையும் வடிந்துவிட்டது.

கடைசியாகப் பையன் தானே ஒரு பகுதி எழுதினான். பாட்டி தட்டில் எட்டு வடை. 7-லிருந்து 0 வரை கீழே எண்ணி ஒவ்வொன்றாக வரைய வேண்டும். கம்பைல் செய்தான். எரர் பூஜ்யம்! எழுந்து ஒரு ஆட்டமே போட்டுவிட்டான். எமுலேட்டரில் ஓட்டினான். பாட்டி இல்லை, வடை இல்லை. திரை அப்படியே உறைந்து நின்றது.

"எரரே வரலையே மாமா... ஏன் ஓடலை?"

டிரையல் பேலன்ஸ் டேலி ஆனால் கணக்கு சரி என்று அர்த்தமில்லை. எழுதவே மறந்த வவுச்சரை அது காட்டிக் கொடுக்காது. ஒன்றை ஒன்று சரிக்கட்டும் தப்புகளையும் காட்டாது. பி.காம். முதல் வருஷப் பாடம். இலக்கணம் சரியாக இருந்தால் கம்பைலர் விட்டுவிடும். நீங்கள் எழுதியது அசட்டுத்தனமா என்று அது கேட்காது.

ஒரு மணி நேரம் மல்லுக் கட்டினான். நான் வாயைத் திறக்கவில்லை. ஒன்று மட்டும் சொன்னேன்: "பாதி பாதியா மூடி வச்சுப் பாரு." புரோகிராமில் பாதியைக் குறிப்பு வரியாக்கி முடக்கினான். ஓடியது. ஆகவே வியாதி மறுபாதியில். அதில் பாதி, அதில் பாதி... கடைசியில் அந்த வடை லூப்பில் வந்து நின்றான். 'பூஜ்யமோ அதற்கு மேலோ இருக்கும்வரை எண்ணு' என்று எழுதியிருந்தான். வேரியபிள் ஒரு பைட். இந்தக் கம்பைலரில் அதற்கு 0 முதல் 255 வரைதான் தெரியும். மைனஸ் என்ற சங்கதியே கிடையாது. பூஜ்யத்திலிருந்து ஒன்று கழித்தால் 255! எப்போதும் பூஜ்யத்துக்கு மேலேயேதான் இருக்கும். பாட்டி முடிவில்லாமல் வடை சுட்டுக்கொண்டே இருக்கிறாள்!

அவனே திருத்தினான். எட்டு வடையும் வந்தது. பிறகு ஒரு வார்த்தை சொன்னான் பாருங்கள், எனக்கு அன்றைய உழைப்புக்கெல்லாம் கூலி அதுதான்:

"மாமா, எரர் வந்திருந்தாத் தேவலைன்னு இருந்துச்சு."

ராத்திரி பரணிலிருந்து அப்பா வாங்கிய பெட்டியை இறக்கினோம். மெமரி கார்டு செருகும் கேட்ரிஜ் ஒன்று என்னிடம் உண்டு. அதில் ஆட்டத்தை ஏற்றி, பழைய டிவியில் மாட்டினோம். காக்கா பறந்தது, பாட்டி விரட்டினாள். நரி இன்னும் தலைகீழாகத்தான் நிற்கிறது. அதைப் பற்றி எந்த எரரும் இல்லை.

திங்கள் காலை பஸ் ஏற்றிவிடும்போது கேட்டேன்: "என்ன மாப்ளே, காலேஜ்?"

"இந்த செமஸ்டர் எழுதறேன் மாமா. அப்புறம் பார்க்கலாம்."

வங்கித் தவணையைப் பொறுத்தவரை இது முழு வெற்றி இல்லை, தெரியும். ஆனால் வியாழக்கிழமை லேப் முடிந்ததும் போன் வந்தது. குரலில் சோகம் இல்லை.

"மாமா, இன்னிக்கு முப்பத்தொண்ணு!"

"அடப்பாவி! அதிகமாயிடுச்சா?"

"இருங்க மாமா... முதல் எரரை மட்டும் பார்த்தேன். அதுக்கு மேல் வரியைப் பார்த்தேன். இப்ப ரெண்டு. அதுல ஒண்ணு என்னுது இல்லை, பக்கத்து சீட் பையன் என் கம்ப்யூட்டர்ல வந்து அடிச்சது. அவனுக்கும் நான்தான் சொல்லித் தந்துகிட்டு இருக்கேன்!"